கிணற்றில் கிடைத்த எலும்புகள் என் அண்ணனுடையவையா?

கேட்கப்பட்டது இது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்த அண்ணன் நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியே போனவர் திரும்பவில்லை. அப்போதே புகார் கொடுத்தாகிவிட்டது. சென்ற மாதம் பக்கத்து வட்டத்தில் ஒரு தோட்டத்துக் கிணற்றைத் தூர் வாரியபோது மனித எலும்புகள் கிடைத்தன. செய்தியில் ‘சுமார் 45 வயது மதிக்கத்தக்க ஆண்’ என்று போட்டிருந்தது. அண்ணனுக்குக் காணாமல் போனபோது 33 வயது. காவல் நிலையத்தில் கேட்டால் ‘லேப் ரிப்போர்ட் வரட்டும், தெரிந்துவிடும்’ என்கிறார்கள். காத்திருந்தால் போதுமா?

போதாது. கொங்குப் பகுதியின் அரசு மருத்துவக் கல்லூரிகளில் தடயவியல் மருத்துவம் சொல்லிக்கொடுத்தும் பிணவறையில் நின்றும் என் பணிக்காலம் கழிந்தது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: எலும்பை எந்த ஆய்வகத்துக்கு அனுப்பினாலும் அது பெயரோடு திரும்பி வராது. ‘இவர் ஆண், உயரம் ஏறக்குறைய இவ்வளவு, வயது இதற்கும் இதற்கும் நடுவில், மரபணு வரிசை இது’ என்று வரும். அந்த வரிசையை யாருடைய ரத்தத்தோடு ஒப்பிடுவது என்பதை வெளியிலிருந்து ஒருவர் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். காணாமல்போனவரின் கோப்பு ஒரு நிலையத்தில் இருக்கிறது, அடையாளம் தெரியாத பிணத்தின் கோப்பு இன்னொரு நிலையத்தில் இருக்கிறது. நான் பார்த்தவரை, பெயரில்லாமல் புதைக்கப்பட்டவர்களில் பலருக்கு எங்கோ ஒரு புகார் இருந்தது. இரண்டு காகிதமும் ஒரே மேசைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

முதலில் உங்கள் கையில் இருக்கும் காகிதத்தைப் பாருங்கள். அது மனு ஏற்பு ரசீதா, முதல் தகவல் அறிக்கையா? ‘சி.எஸ்.ஆர். காப்பி’ என்று நிலையத்தில் தருவது மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது மட்டுமே. அதை வழக்கு என்று நம்பி ஆண்டுக்கணக்கில் அலமாரியில் வைத்திருந்த குடும்பங்கள் உண்டு. குற்ற எண்ணோடு ‘ஆண் காணவில்லை’ என்று முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருந்தால்தான் அந்த விவரம் காவல்துறையின் நாடு தழுவிய கணினி வலைப்பின்னலில் காணாமல்போனவர் கணக்கில் ஏறும். பதிவாகவில்லை என்றால் இப்போதும் கேட்டு வாங்கலாம். நான்கு ஆண்டு ஆகிவிட்டது என்று யாராவது சொன்னால் அது பதிலே அல்ல.

கிணற்றுப் பக்கத்தில் நடப்பது இன்னொரு கதை. எலும்பு கிடைத்ததும் கிராம நிர்வாக அலுவலர் புகார் கொடுப்பார், அந்த எல்லைக்குரிய நிலையத்தில் சந்தேக மரணமாக வழக்குப் பதிவாகும். நிலையத்தில் இன்னமும் ‘ஒன் செவன்டி ஃபோர்’ என்றுதான் சொல்வார்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவு அது. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அதுவே 194. நீங்கள் தேடிப் போய்ப் பார்க்க வேண்டியவர் அந்த வழக்கின் விசாரணை அதிகாரி. உங்கள் புகார் இருக்கும் நிலையத்தில் ‘லேப் ரிப்போர்ட்’ பற்றிச் சொன்னவருக்கு அந்தக் கிணறு எந்தப் பக்கம் என்றுகூடத் தெரிந்திருக்காது. குறை சொல்லவில்லை, அது அவருடைய வழக்கே அல்ல.

கொங்கில் இந்த எல்லைச் சிக்கல் கொஞ்சம் கூடுதல். பவானிசாகரில் புறப்படும் கீழ்பவானி வாய்க்கால் 200 கிலோமீட்டர் ஓடுகிறது. ஈரோடு, திருப்பூர், கரூர் என்று மூன்று மாவட்டத்து நிலங்களுக்கு அதில் தண்ணீர். கோபி பக்கம் விழுந்தவர் எந்த மதகில் ஒதுங்குவார் என்று சொல்ல முடியாது. ஒதுங்கிய இடத்து நிலையத்துக்கு அவர் ஊர் பேர் தெரியாத அனாதை. பவானி ஆற்றிலும் காவிரியிலும் இதே கதைதான். ரயில் பாதை இன்னொன்று. தண்டவாளத்தில் கிடைக்கும் உடல் உள்ளூர் காவல் நிலையத்துக்கு வராது, இருப்புப்பாதைக் காவல் நிலையத்துக்குப் போகும். ஊரில் உள்ள நிலையங்கள் எல்லாம் ஏறி இறங்கிவிட்டு, ஈரோடு சந்திப்பிலோ கோவையிலோ உள்ள ரயில்வே போலீசில் ஒரு முறைகூடக் கேட்காத குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பாலக்காடு, சாமராஜநகர் மாவட்டங்களில் கேட்டவர்கள் அதைவிடக் குறைவு. வாளையாறு தாண்டினால் வேறு மாநிலம், வேறு மொழி, வேறு பதிவேடு.

இனி அந்த 45 வயதுக்கு வருகிறேன், ஏனென்றால் அந்த எண்ணைப் பார்த்துத்தான் நீங்கள் தயங்குகிறீர்கள்.

செய்தித்தாளில் வரும் ‘மதிக்கத்தக்க’ வயது, பெரும்பாலும் பிணக்கூறாய்வுக்கு முன்பே யாரோ கண்ணால் பார்த்து எழுதியது. முழு உடலிலேயே அது தவறும். நம் ஊர் வெயிலில் இரண்டு நாளில் முகம் ஊதி, நிறம் கறுத்து, ஒல்லியானவர் தடித்தவராகத் தெரிவார். முப்பது வயதுக்காரர் ஐம்பதாகத் தெரிவார். பெற்ற தாயே ‘என் பையன் இல்லை’ என்று திரும்பிப் போனதும், முன்பின் தெரியாதவரை ‘எங்கள் அப்பாதான்’ என்று வாங்கிப்போய்க் காரியம் செய்த பிறகு அப்பா நடந்து வந்ததும் எங்கள் துறையில் எல்லோரும் கேட்டிருக்கும் கதைகள். எலும்பில் கண்மதிப்புக்கு மதிப்பே இல்லை. வளரும் வயதில் பல் முளைப்பதையும் எலும்பு முனைகள் கூடுவதையும் வைத்து ஓரிரு ஆண்டு வித்தியாசத்தில் சொல்லிவிடலாம். கழுத்துக்குக் கீழே நெஞ்சையும் தோளையும் இணைக்கும் காறையெலும்பின் நெஞ்சுப் பக்க முனை கடைசியாக, முப்பதை ஒட்டிய வயதுக்குள், கூடி முடியும். அதன்பின் வயதைக் காட்டுவது தேய்மானம் மட்டுமே. பத்துப் பதினைந்து ஆண்டு அகலமுள்ள வரம்பாகத்தான் எங்களால் சொல்ல முடியும். அறிக்கையில் ‘30 முதல் 45’ என்று இருந்து, அதில் பின்பாதி மட்டும் செய்தியாகியிருக்கவும் கூடும். ஆகவே அந்த எண்ணை வைத்து அவரை விலக்கவும் வேண்டாம், சேர்க்கவும் வேண்டாம்.

ஆணா பெண்ணா என்பதில் எங்கள் சொல்லை நம்பலாம், இடுப்பெலும்பு முழுதாகக் கிடைத்திருந்தால். உயரம் தொடையெலும்பின் நீளத்திலிருந்து கணக்கிடுவது. மூன்று நான்கு சென்டிமீட்டர் இப்படி அப்படி இருக்கும். இறந்து எவ்வளவு காலம் ஆனது என்பதில்தான் நாங்கள் மிகவும் பலவீனமானவர்கள். தண்ணீருள்ள கிணறு, வற்றிய கிணறு, சேற்றில் புதைந்தது, வெயிலில் கிடந்தது என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு மாறும். ‘இரண்டு ஆண்டுகளுக்கு முன்’ என்று யாரோ சொன்னதை வைத்து, நான்கு ஆண்டு ஆன உங்கள் அண்ணனை விட்டுவிடாதீர்கள்.

கிணற்றைப் பற்றி இன்னொரு விஷயம். எண்பது நூறு அடி ஆழத்தில் பாறை வெட்டிய நம் தோட்டத்துக் கிணறுகளில் உடல் ஒரே இடத்தில் கிடக்காது. தண்ணீரில் கை, தலை என்று ஒவ்வொன்றாகக் கழன்று சேற்றில் இறங்கும். தூர் வாருகிறவர்கள் கண்ணில் படுவது மண்டையோடும் நீண்ட எலும்புகளும்தான். ஒற்றை வேருள்ள முன்பற்கள் இறந்தபின் தானாக உதிர்ந்து சேற்றுக்குள் போய்விடும். விரலெலும்புகளும் அப்படியே. வாரிப்போட்ட சேறு கிணற்று மேட்டில் இன்னும் குவியலாகக் கிடக்கிறது என்றால், அதைச் சல்லடையில் அலசச் சொல்லி விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள். தோட்டக்காரர் அதை வயலில் கொட்டிப் பரப்புவதற்குள் கேளுங்கள். ஒரு முறை அப்படி அலசிய சேற்றில் ஓர் அரைஞாண் கயிற்றின் வெள்ளித் தாயத்து கிடைத்தது. மூன்று மாதம் நகராத வழக்கு அன்று மாலையே முடிந்தது.

உடுப்பும் பேசும், ஆனால் திருப்பூரைச் சுற்றி அது பொய்யும் பேசும். மற்ற ஊர்களில் சட்டைக் காலரில் இருக்கும் தையல்கடை லேபிளைப் பிடித்துக்கொண்டு காவலர்கள் ஊரைக் கண்டுபிடித்துவிடுவார்கள். முன்பு சலவைத் தொழிலாளி போடும் குறி அந்த வேலையைச் செய்தது. இங்கே கிணற்றில் கிடப்பவர் உடம்பில் ஐரோப்பியக் கம்பெனி லேபிள் இருக்கும். எக்ஸ்போர்ட் கழிவில் வாங்கியது. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அண்ணன் அன்று என்ன போட்டிருந்தார் என்று புகாரில் ‘நீலச் சட்டை’ என்று எழுதியிருந்தால் அது ஆயிரம் பேருக்குப் பொருந்தும். பெல்ட்டின் கொக்கி எப்படி இருந்தது, செருப்பு என்ன அளவு, அதில் எந்தப் பக்கம் தேய்ந்திருந்தது, கழுத்தில் கயிறா சங்கிலியா, கையில் பச்சை குத்தியிருந்ததா என்று எழுதுங்கள். எலும்பான உடலில் பச்சை இருக்காதுதான், ஆனால் நீங்கள் பார்க்கப்போவது இந்தக் கிணறு ஒன்றை மட்டும் அல்லவே.

கைரேகை பற்றி எல்லோரும் கேட்பார்கள்: ஆதார் இருக்கிறதே, விரலை வைத்தால் தெரியாதா? தெரியாது. ஆதாரில் ரேகை சரிபார்க்கப்படுவது ஒருவருடைய எண்ணைக் கொடுத்து ‘இவர் அவர்தானா’ என்று கேட்கும் முறையில்தான். எண் தெரியாத ரேகையை மொத்தக் கிடங்கிலும் தேடித் தருவது இல்லை என்று ஆதார் ஆணையம் டெல்லி உயர்நீதிமன்றத்தில் 2018இல் சொல்லியிருக்கிறது. ரேகைத் தரவை யாருக்கும் பகிரக்கூடாது என்று 2016ஆம் ஆண்டு ஆதார் சட்டமே தடுக்கிறது. காவல்துறையின் சொந்த ரேகைத் தொகுப்பில் இருப்பவர்கள் வழக்குகளில் சிக்கியவர்கள். ஆக, வாழ்நாளில் ஒரு வழக்கும் இல்லாத யோக்கியனுடைய பிணம்தான் அடையாளம் காணக் கடினமானது. இந்த வேடிக்கையை மாணவர்களிடம் ஆண்டுதோறும் சொல்வேன், யாரும் சிரித்ததில்லை.

மண்டையோட்டின்மேல் புகைப்படத்தைப் பொருத்திப் பார்க்கும் முறை சென்னையில் உள்ள தடய அறிவியல் துறைக்குக் கைவந்த கலை. 1849இல் சென்னை மாகாண ரசாயனப் பரிசோதகர் கூடமாகத் தொடங்கிய துறை அது. அதன் இயக்குநராக இருந்த பி. சந்திரசேகரன் இந்த முறையில் பெயர்பெற்றவர். இதற்கு வேண்டியது பல் தெரியச் சிரிக்கும் படம். ரேஷன் கார்டில் உறைந்துபோய்ப் பார்க்கும் படம் அவ்வளவாகப் பயன்படாது. கல்யாணத்தில், கோயில் நோம்பியில், நண்பர்களோடு எடுத்த செல்போன் படங்களில் நேராகப் பார்ப்பது ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று தேர்ந்தெடுத்து, மூலக் கோப்பாகவே கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தரம் குறையும். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: இந்த முறை ‘இவர் இல்லை’ என்று சொன்னால் பெரும்பாலும் நம்பலாம். ‘பொருந்துகிறது’ என்று சொன்னால் அது துணைச் சான்று மட்டும். அதை வைத்து அஸ்தி கரைத்துவிட வேண்டாம்.

கடைசித் தீர்ப்பு மரபணுவில்தான். கடைவாய்ப் பல், தொடையெலும்பு, காதின் உட்பகுதியைப் பொதிந்திருக்கும் கெட்டி எலும்பு, இவற்றில் அது ஆண்டுக்கணக்கில் தங்கும். இங்கே ஒரு தவறான நம்பிக்கையைக் கலைக்க வேண்டும். காணாமல்போனவர்களின் உறவினர் மாதிரிகளும் பெயரற்ற பிணங்களின் மாதிரிகளும் ஏதோ ஒரு கணினியில் தாமாகவே ஒப்பிடப்பட்டுக்கொண்டிருக்கின்றன என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படி இரண்டு தனித் தொகுப்புகளை உருவாக்க 2019இல் நாடாளுமன்றத்துக்கு ஒரு மசோதா வந்தது. 2023 ஜூலையில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். எனவே ஒவ்வொரு வழக்கிலும் யாராவது கேட்டால்தான் ஒப்பீடு நடக்கும். நீங்கள் அந்த விசாரணை அதிகாரியிடம் உங்கள் குற்ற எண்ணைக் குறிப்பிட்டு, ‘எங்கள் குடும்பத்து மாதிரியோடு ஒப்பிட வேண்டும்’ என்று மனு கொடுக்க வேண்டும். அவர் நீதிமன்றம் வழியாக அனுப்புவார். அரசு மருத்துவமனையில், புகைப்படம் ஒட்டிய படிவத்தோடு ரத்தம் எடுப்பார்கள். தனியார் ஆய்வகத்தில் நீங்களே எடுத்துக்கொண்டு போகும் அறிக்கை இங்கே செல்லாது.

யாருடைய ரத்தம்? அப்பா இறந்துவிட்டார், அம்மா இருக்கிறார், அண்ணிக்கு ஒரு பெண் குழந்தை என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா முதலில். அடுத்து அந்தக் குழந்தை, கூடவே அண்ணியும். அண்ணி ரத்த உறவு இல்லையே என்று நினைக்காதீர்கள். குழந்தையின் மரபணுவில் பாதி அண்ணியுடையது. அதைக் கழித்தால் மீதி அண்ணனுடையது. அண்ணனின் தாயும் மகளும் இரண்டு பக்கமும் நிற்க, நடுவில் இருப்பவரை அடையாளம் காண்பது எளிது. தம்பியான நீங்களும் கொடுக்கலாம். தாய்வழி வரிசையும் ஆண்வழி வரிசையும் உங்களுக்கும் அவருக்கும் ஒன்றுதான். ஆனால் அவை குலத்தைக் காட்டுமே தவிர ஆளைக் காட்டா. உங்கள் பெரியப்பா மகனுக்கும் அதே ஆண்வழி வரிசை இருக்கும். அம்மாவுக்கு 71 வயது, சர்க்கரை வேறு. அவருடைய மாதிரியைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஒரு வேளை அது உங்கள் அண்ணன் இல்லை என்று வந்தால்? அப்போதும் அந்த எலும்புகளை எரிக்காமல் எண் போட்டுப் புதைக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இல்லை என்று யாராவது சொல்லலாம், இருந்தாலும் கேளுங்கள். எரித்தால் மரபணு போய்விடும். புதைத்ததை அதிகாரம் பெற்ற நிர்வாக நடுவரின் உத்தரவில் தோண்டி எடுக்கலாம். திருப்பூருக்குப் பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து அறை எடுத்துத் தங்கும் பையன்களுக்கான புகார் இருந்தால், அது அவர்கள் ஊர் நிலையத்தில்தான் இருக்கும், அதுவும் நம் காவலர் படிக்க முடியாத எழுத்தில். நம்மவர்களுக்கும் இதே நிலைமைதான். திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று போகிறவர்கள், நாமக்கல், சங்ககிரி லாரி ஓட்டுநர்கள் வழியில் காணாமல் போனால், அங்கே ஏதோ ஒரு பிணவறையில் ‘தென்னாட்டு ஆள்’ என்று எழுதிப் புதைத்திருப்பார்கள்.

சட்டப் பக்கம் இரண்டு வரி. ஏழு ஆண்டு தகவலே இல்லாதவரை இறந்தவராக அனுமானிக்கலாம் என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு. இப்போது பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 111. அது தானாக நடக்காது, நீதிமன்றத்தில் கேட்டு வாங்க வேண்டும். அடையாளம் உறுதியானால் ஏழு ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, காப்பீடு, பட்டா என்று அண்ணியின் கையில் ஒரு காகிதமும் நகராமல் நிற்பது எல்லாம் நகரும். பூ வைப்பதா வேண்டாமா என்று ஊரார் அவரைக் கேட்டுக்கொண்டே இருப்பதும் அப்போதுதான் நிற்கும்.

இவ்வளவையும் விடச் சீக்கிரமான வழி ஒன்று உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது, நீங்கள் அதை ஓரமாக எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். 2015இல் அவினாசி சாலையில் வண்டியிலிருந்து விழுந்து அண்ணனுக்கு இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது, தகடு வைத்தார்கள், பிறகு எடுக்கவில்லை. அப்படியானால் மரபணு அறிக்கைக்கு மாதக்கணக்கில் காத்திருக்கும் முன்னரே பாதி பதில் கிடைத்துவிடும். கிணற்றில் கிடைத்த இடது காலெலும்பு முழுதாக இருந்து, அதில் தகடும் இல்லை, திருகாணித் துளையும் இல்லை, கூடிய முறிவின் தடிப்பும் இல்லை என்றால் அது அவர் இல்லை. தகடு இருந்தால், அதில் எத்தனை துளை, எத்தனை திருகாணி, எந்தத் துளை காலியாக விடப்பட்டிருக்கிறது, எந்தத் திருகாணி கொஞ்சம் சாய்ந்திருக்கிறது என்பதைப் பழைய எக்ஸ்ரே படத்தோடு வைத்துப் பார்த்தால் போதும். இரண்டு பேருக்கு அது அச்சு அசலாக ஒன்றுபோல அமையாது. அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவமனை பழைய கோப்பைத் தூக்கிப் போட்டிருக்கலாம், ஆனால் நம் வீடுகளில் எக்ஸ்ரே படத்தை யாரும் தூக்கிப் போடுவதில்லை. பரணில், பழைய காலண்டர்களுக்கு நடுவில் இருக்கும். தேடி எடுத்து விசாரணை அதிகாரியிடம் கொடுத்து, பிணக்கூறாய்வு செய்த மருத்துவருக்கு அனுப்பச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். அதற்கு முன் வெளிச்சத்தில் பிடித்துச் செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மழை ஒழுகி இரண்டு படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தால் இழுத்துப் பிரிக்க வேண்டாம், அப்படியே கொண்டுபோய்க் கொடுங்கள்.